டயர் விலை குறைஞ்சாச்சு... ஆனா ஜெயங்கொண்டத்தில் உங்க பைக் சைஸ் கிடைக்குமா?

பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் என் பெரியப்பா பையன் ஒவ்வொரு பொங்கலுக்கும் பைக்கில்தான் ஊருக்கு வருவார். ஓசூர், சேலம், ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர், அப்புறம் ஜெயங்கொண்டம். சுமார் 400 கிலோமீட்டர். இந்த முறை கிளம்புவதற்கு முன்னாடி மீட்டியார் 350-க்குப் பின் டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். "ஜிஎஸ்டி குறைச்சிட்டாங்கல்ல, இப்ப வாங்கினா லாபம்தானே?" என்று கேட்டு எனக்கு போன் பண்ணினார் அண்ணன்.

லாபம்தான். எவ்வளவு லாபம், அந்த லாபத்தை எங்கே கோட்டை விடுகிறோம் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

ஜிஎஸ்டி கணக்கு என்ன சொல்கிறது?

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் வரி அடுக்குகள் மாற்றப்பட்டன. செப்டம்பர் 22 முதல் அவை அமலுக்கு வந்தன. பைக், கார் டயர்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம்தான்.

'10 சதவீதம் குறைஞ்சிடுச்சு' என்று கடையில் போய்ச் சண்டை போட்டுவிடாதீர்கள். வரி, அடிப்படை விலை மேல் போடப்படுவது. முன்பு வரியோடு சேர்த்து 5,000 ரூபாய்க்கு விற்ற டயரின் அடிப்படை விலை 3,906 ரூபாய். அதற்கு 18 சதவீதம் சேர்த்தால் 4,609 ரூபாய் வரும். அதாவது மிச்சம் சுமார் 390 ரூபாய், ஏறத்தாழ 8 சதவீதம். பில்லில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வரியையே போட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இதே கூட்டத்தில் பைக்குகளுக்கும் ஒரு கோடு போட்டார்கள். 350 சிசி வரைக்கும் வரி 28-லிருந்து 18-ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போனால், முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது இப்போது 40. கிளாசிக் 350, மீட்டியார் 350 எல்லாம் 349 சிசி என்பதால் கோட்டுக்குக் கீழே தப்பித்தன. ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650 கோட்டுக்கு மேலே போய்விட்டன. இதன் விளைவு என்ன? பெரிய டூரிங் பைக்கை விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்குப் புதுசின் மீதான வரி ஏறிவிட்டது, இருக்கிற பைக்குக்கு டயர் மாற்றும் செலவு இறங்கிவிட்டது. இன்னும் ரெண்டு, மூணு வருஷம் இதையே ஓட்டுவோம் என்று முடிவெடுப்பவர்கள் அதிகமாவார்கள் என்றே தோன்றுகிறது. அப்படி ஓட்டப்போகிறவர்களுக்குத்தான் டயர் முக்கியம்.

டயர் தேசத்தில் டயருக்கு அலைவது ஏன்?

ஒரு வேடிக்கை பாருங்கள். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 2023 ஜூனில் ஒரு பங்கு விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதே, அதே கம்பெனி. அவர்களின் தொழிற்சாலை ஒன்று நம் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், நாரணமங்கலத்தில் இருக்கிறது. சிஎஸ்கே ஜெர்சியில் பார்த்த டிவிஎஸ் யூரோகிரிப் டயர் வருவது மதுரை வெள்ளரிப்பட்டி பக்கம். சியட், அப்போலோ, ஜே.கே. டயருக்கும் சென்னையைச் சுற்றி ஆலைகள் உண்டு.

ஆனாலும் ஜெயங்கொண்டத்தில் ஒரு டயர் கடைக்குப் போய் '140/70-17 இருக்கா?' என்று கேட்டால், 'ஆர்டர் போட்டுத் தர்றேன் தம்பி' என்பதுதான் பதிலாக இருக்கும். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல், ஸ்கூட்டி டயர் தினமும் போகிறது, லாரி டயர் போகிறது, டிராக்டர் டயர் போகிறது. மாசத்துக்கு ஒண்ணு போகுமா போகாதா என்று தெரியாத சைஸில் பணத்தை முடக்க அவருக்கு என்ன அவசியம்? முடக்கினாலும் அந்த டயர் இரண்டு வருஷம் வெயிலில் தொங்கிவிட்டு உங்களிடம் வரும்.

இன்னொரு காரணம் டெல்லியில் இருக்கிறது. 2020 ஜூன் 12-ம் தேதி, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. கார், லாரி டயரோடு பைக் டயரும் அதில் அடக்கம். அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. மிஷ்லின், பிரெல்லி, மெட்ஸ்லர் என்று பெரிய பைக்காரர்கள் நம்பியிருந்த இறக்குமதி டயர்களுக்கு அதன் பிறகு தட்டுப்பாடு. உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு இது வசதியாகப் போனது உண்மை. அதே நேரம், டூரிங் பைக்குக்கு என்றே டயர் செய்ய அவர்கள் இறங்கியதும் உண்மை. யூரோகிரிப் ரோட்ஹவுண்ட், அப்போலோ டிராம்ப்ளர், ரெய்ஸ் மாதிரியான பெயர்கள் இப்போது பைக்கர் கும்பலில் சகஜமாக அடிபடுகின்றன. பெங்களூரு, சென்னைக்காரர்களுக்குத் தேர்வு கூடியிருக்கிறது. ஜெயங்கொண்டத்துக்கு அது கூரியரில்தான் வருகிறது.

கூரியரில் வந்த கதை

அண்ணன் ஆன்லைனில்தான் ஆர்டர் போட்டார். ஜெயங்கொண்டம் வீட்டு முகவரிக்கு. நவம்பரில் டயர் வந்தது. 'பிரிச்சுப் பாத்து ஒரு போட்டோ அனுப்புடா' என்றார். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண்கள்: 0823. அதாவது 2023-ம் ஆண்டின் 8-வது வாரத்தில், பிப்ரவரியில் தயாரானது. கைக்கு வரும்போதே ஏறத்தாழ மூன்று வயசு.

ரப்பர் பால் பாக்கெட் இல்லை, நிழலில் ஒழுங்காக வைத்த டயர் ஓரிரு வருஷத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அது எங்கே, எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. விலையும் புதுசுக்கான விலை. திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு கும்பகோணத்தில் ஒரு டீலரிடம் போனிலேயே 'கடைசி நாலு நம்பர் சொல்லுங்க' என்று கேட்டு, 3525 என்றதும் போய் எடுத்து வந்தேன். போக வர 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டியில் மிச்சமானதில் பாதி பெட்ரோலுக்குப் போனது. ஆனாலும் 2025 ஆகஸ்ட் கடைசியில் செய்த டயர் கிடைத்தது.

அதனால் எங்கே வாங்கினாலும் சரி, பணம் கொடுக்கும் முன் தேதி கேளுங்கள். ஆன்லைனில் என்றால் பிரித்ததும் பார்த்துவிட்டு, மாட்டுவதற்கு முன்பே முடிவெடுங்கள். ரிம்மில் ஏற்றிய டயரை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். பில்லில் டயரின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், வாரன்டி கேட்கப் போகும்போது அதுதான் சாட்சி.

டயர் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

140/70-17 66 பி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 140 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம். 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் கோடு இருந்தால் பயாஸ் பிளை, 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் ரேடியல்.

பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் இருப்பதுதான் டூரிங்குக்கு முக்கியம். 66 என்பது பாரக் குறியீடு: அந்த டயர் 300 கிலோ தாங்கும். பி என்பது வேகம்: மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. 57 என்றால் 230 கிலோதான். 350 சிசி பைக்கின் எடையே 190 கிலோ சுற்றி வரும். ரெண்டு பேர், பொங்கல் பை, அம்மா கட்டிக்கொடுக்கும் முறுக்கு டப்பா, திரும்பும்போது ஒரு மூட்டை முந்திரி என்று சேர்த்தால் பெரும் பாரம் பின் டயரில்தான் விழும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று பாரக் குறியீடு குறைந்த டயரை மாட்டினால், அதன் விலை நடு ரோட்டில்தான் தெரியும். கம்பெனி கொடுத்த டயரில் இருக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கட்டும், கீழே போகக் கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். இரு சக்கர, மூன்று சக்கர வாகன டயருக்கான தர எண் ஐ.எஸ். 15627. இந்தியாவில் விற்கும் டயருக்கு இது கட்டாயம்.

'ஒரு சைஸ் பெருசா போட்டா கெத்தா இருக்கும்ல?'

இந்தக் கேள்வியைக் கேட்காத பைக்கர் இல்லை. கிளாசிக் 350-ன் பின் டயர் 120/80-18. அதற்கு 130/80-18 போட்டால் டயரின் மொத்த விட்டம் 16 மில்லிமீட்டர் கூடும். கியர் விகிதம் லேசாக மாறும், செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடைவெளி குறையும். அதைவிட, குறுகிய ரிம்மில் அகல டயரை நெருக்கி ஏற்றும்போது அதன் வளைவு கூராகி, ரோட்டில் பதியும் இடம் நீங்கள் எதிர்பார்த்த மாதிரி கூடாது. முன், பின் சக்கர வேகத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏபிஎஸ்ஸுக்கும் இந்த வித்தியாசம் நல்லதில்லை. பைக் கையேட்டில் உள்ள அளவே போதும். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று கலப்பதும் வேண்டாம், கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் ஒழிய.

இன்னொரு மோகம், ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பெரிய பெரிய பட்டன் வைத்த ஆஃப் ரோடு டயர் போடுவது. லடாக் போனால் சரி. திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலையில், உடையார்பாளையத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில் மழை பெய்து நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது, இடைவெளி அதிகமுள்ள அந்தப் பட்டன்கள் ரோட்டைத் தொடும் பரப்பு குறைவு. நம்ம ஊர்ப் பிரச்சினை சேறு இல்லை. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து சிந்திய துகளும், தூறல் விழுந்ததும் அது வழவழவென்று ஆவதும்தான். நூற்றுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தார் ரோடு என்றால் தார் ரோட்டு டயரே வாங்குங்கள். தோட்டத்து மண் பாதைக்கு அது போதும், கொஞ்சம் மெதுவாகப் போனால் சரி.

எப்போது மாற்ற வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதி 94, இரு சக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. காருக்கு 1.6. டயரின் பள்ளத்துக்குள் டி.டபிள்யூ.ஐ. என்ற அடையாளத்துக்கு நேராக ஒரு சின்ன மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது.

என் கருத்து, டூரிங் போகிறவர்கள் அந்தக் கோடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் வேலையைச் செய்வது அந்தப் பள்ளம்தான், அது குறையக் குறைய ஈர ரோட்டில் பிடி போகிறது. நெடுஞ்சாலையிலேயே ஓடிய டயரில் இன்னொரு சிக்கல்: நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும், ஓரம் புதுசு போலவே இருக்கும். பார்க்கும்போது 'இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் பைக் ஒரு குதி குதிக்கும். அப்படி உணர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேயாவிட்டாலும் பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடையில் அந்த முக்கால் மணி நேரம்

பெரும்பாலானோர் பைக்கை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது இங்கேதான். தயவுசெய்து போகாதீர்கள். நல்ல டயர் கெட்டுப்போவதும் பாதி நேரம் இங்கேதான். சில வருஷம் முன்பு என் பைக்குக்கே ஒரு கடையில் (ஊர், பேர் வேண்டாம்) டயரைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னால் உருளும்போது அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மூணு மாசம் அப்படியே ஓட்டினேன்.

ஜெயங்கொண்டத்தில் ரிங் ரோடு பளபளா ஷோரூம் எல்லாம் தேவையில்லை. சோப்புத் தண்ணி, ரெண்டு லிவர், பொறுமை இருக்கிற பஞ்சர் கடை அண்ணன் போதும். நீங்கள் கவனிக்க வேண்டியது இவ்வளவு. சக்கரத்தைக் கழற்றும்போது ஆக்ஸிலின் இருபக்கமும் இருக்கும் புஷ்கள் எது இடது, எது வலது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் தரையில் படும்படி சக்கரத்தைப் போட விடாதீர்கள், டிஸ்க்கும் ஏபிஎஸ் வளையமும் வளைந்தால் டயரைவிடப் பெரிய செலவு. காலிப்பர் வெளியே இருக்கும்போது சும்மா இருக்கிறோமே என்று பிரேக்கை அமுக்காதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். டயர் ஏற வழவழப்புக்குச் சோப்புத் தண்ணிதான், கிரீஸோ பழைய ஆயிலோ கிடையாது. அது ரப்பரைத் தின்னும், ரிம்மில் டயர் நழுவவும் செய்யும்.

ட்யூப்லெஸ் என்றால் டயரோடு ரப்பர் வால்வையும் புதுசாக்குங்கள், பெரிய செலவில்லை. ஸ்போக் ரிம், ட்யூப் டயர் என்றால் புது டயருக்குப் புது ட்யூப், உள்ளே இருக்கும் ரிம் டேப்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப் டயரில் பஞ்சரானால் காற்று சட்டென்று போய்விடும். ட்யூப்லெஸ்ஸில் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் ஸ்போக் ரிம்காரர்கள் நெடும்பயணத்தில் ஒரு உபரி ட்யூப் வைத்திருப்பது நல்லது. பெரம்பலூர்–ஆத்தூர் ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு உங்க சைஸ் ட்யூபை யாரும் கடை திறந்து தர மாட்டார்கள்.

டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக அது வரட்டும். காற்று பிடித்த பிறகு, ரிம் ஓரமாகப் பக்கச் சுவரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. திரும்பக் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி தடவி ஏற்றச் சொல்லுங்கள். 'ஓட்ட ஓட்ட உக்காந்துடும்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகச் செயின் தொய்வு, சக்கர நேர்கோடு, ஆக்ஸில் நட்டு. நாங்கள் போன கடை அண்ணன், பைக்கை ரெண்டு அடி தள்ளிப் பார்த்து, பிரேக்கை நாலு தடவை அமுக்கிப் பார்த்து, அப்புறம்தான் சாவியைக் கொடுத்தார்.

புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். முதல் 150, 200 கிலோமீட்டருக்குச் சடாரென்று சாய்ப்பதும் பிரேக் அடிப்பதும் வேண்டாம். கிளம்புகிற நாளைக்கு முந்தின நாள் மாட்டிக்கொண்டு நேராக ஹைவே ஏறாமல், ஒரு வாரம் முன்பே மாட்டிவிட்டு கங்கைகொண்ட சோழபுரம் வரை நாலு நாள் காலையில் போய் வரலாம். கோயிலும் பார்த்த மாதிரி ஆச்சு.

காற்று விஷயத்தில் ஒரு நம்பிக்கை இன்னமும் ஓடுகிறது: 'வெயில் காலத்துல காத்து கம்மியா வெச்சுக்கோ, இல்லன்னா வெடிச்சிடும்.' நேர் எதிர்தான் உண்மை. காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் மடங்கி மடங்கி நிமிரும், அதில்தான் சூடு ஏறும். ஓடிய பிறகு பிரஷர் சில புள்ளி கூடுவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். நைட்ரஜன் போட்டால்தான் நல்லது என்று யாராவது சொன்னால், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று சொல்லிவிடுங்கள். சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கிக்கொள்வது உத்தமம், பங்க்குக்குப் பங்க் மீட்டர் ஒவ்வொன்றைக் காட்டுகிறது.

கழற்றிய டயரை என்ன செய்ய?

2022-ல் வந்த விதிப்படி, கழிவு டயரை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. அதனால் வாங்கிய கடையிலேயே பழசைக் கொடுத்துவிடலாம். திரும்ப யாருக்காவது செகண்ட் ஹேண்டாகப் போகாமல் இருக்க, பக்கச் சுவரில் ஒரு கத்திக் கீறல் போட்டுக் கொடுங்கள். அண்ணனின் பழைய டயரை மட்டும் பெரியம்மா விடவில்லை, கொல்லையில் செடி வைக்கப் போகிறாராம். பக்கச் சுவரில் சுற்றிலும் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தேன். மழைத் தண்ணி தேங்கினால் டெங்கு கொசு வரும், வீடு வீடாகப் பார்க்க வரும் நகராட்சி ஆட்கள் முதலில் தேடுவதும் டயரைத்தான்.